சிறுகடனும் மறுப்பும்

கடன் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கடன் உள்ளது என்பதை ஐயத்துக்கு இடமில்லாத செய்தியாகக் கொண்டு, அதைத் தீர்க்கும் வல்லமை கடன்பட்டவருக்கு இருக்கிறதா என்ற ஆராய்ச்சியில் இறங்குகின்றன. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் அன்றாடம் எழுகின்ற சிக்கல் இதற்கு ஒரு படி முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. கேட்கப்படும் தொகை சிறியது. அது முழுவதும் கொடுக்க வேண்டியதுதானா என்பதில் ஐயம் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் புறப்பட்டால் இழக்க நேரும் நாட்கூலியும் பேருந்துச் செலவும் மன உளைச்சலும் கேட்கப்படும் தொகையையே விஞ்சிவிடும். முன்பு ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டது என்பதை இருதரப்பும் ஏற்றுக்கொண்டு, எஞ்சியிருப்பது எவ்வளவு, அதை யார் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் வேறுபடுகின்ற இவ்வகைக் கடனைப் பிணக்குக்குரிய சிறுகடன் எனலாம். இதைக் கொடுத்துத் தொலைப்பதா, மறுத்து நிற்பதா என்ற முடிவைத் தொகையின் அளவைக் கொண்டே எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஏழைகளுக்குத் தீங்கானது என்பதும், முடிவுக்கு முன்னர் கணக்கைக் கேட்பதே கடன்பட்டவரின் முதல் உரிமை என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கொட்டியாரக் குடாவின் வடக்கே நகரமும் உட்துறைமுகமும், மேற்கே கிண்ணியாவும், தெற்கே மூதூரும் சம்பூரும் அமைந்த இந்நிலப்பரப்பில் வருமானம் பருவத்தைப் பின்பற்றி வருவது. வாடைக்காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையான மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் சிறு வள்ளங்கள் கரையேறிவிடுகின்றன. கடல் அமைதியடைந்த பின்னரே கரைவலையும் களங்கண்ணியும் மீண்டும் காசாகின்றன. தம்பலகாமத்திலும் மூதூரிலும் பெரும்போக நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும் வரை வயலுக்குள் பணம் போகுமே தவிர வயலிலிருந்து பணம் வராது. சீனன்குடாவின் மாவாலையும் சீமெந்தாலையும் துறைமுக வேலைகளும் சிலருக்கு மாதச் சம்பளத்தையும் பலருக்கு வேலையுள்ள நாளில் மட்டும் கூலியையும் தருகின்றன. செலவோ பருவம் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியைக் கடைக் கொப்பியும், மீன் வாடி முதலாளியின் முற்பணமும், பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டும், நகை அடகும் நெடுங்காலமாக நிரப்பி வந்தன. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் நுண்நிதி நிறுவனங்களின் கிழமைத் தவணைக் கடன் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

முதலில் கடைக் கொப்பியைப் பார்க்கலாம். அரிசியும் பருப்பும் மாவும் கடனுக்குக் கொடுக்கப்படும்போது கடைக்காரர் தமது கொப்பியில் தொகையை எழுதுகிறார். வாங்குபவரிடம் சில வேளை இன்னொரு கொப்பி இருக்கும், பல வேளை இராது. பிள்ளையை அனுப்பி வாங்கிய பொருள் இருமுறை எழுதப்படுவதும், கொடுத்த காசு கழிக்கப்படாமல் விடுபடுவதும் ஏமாற்றும் எண்ணம் எதுவுமின்றியே நிகழக்கூடியவை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் இதை எதிர்பார்த்து எழுதப்பட்டது போலவே இருக்கிறது. தொழில் நடக்கும்போது ஒழுங்காக எழுதப்பட்டு வந்த கணக்குப் பதிவு நீதிமன்றத்தில் ஏற்கத்தக்க சான்று என்று கூறும் அதன் 34ஆம் பிரிவு, அத்தகைய பதிவு மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் வரையறுக்கிறது. அதாவது கொப்பி பேசலாம், ஆனால் கொப்பி தனித்துத் தீர்ப்பளிக்க முடியாது. காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கும் கடைக் கணக்குக்கும் ஓராண்டையும், எழுத்தில் இல்லாத ஒப்பந்தங்களுக்கு மூன்றாண்டையும், எழுத்திலுள்ள ஒப்பந்தங்களுக்கு ஆறாண்டையும் வழக்கிடும் எல்லையாக வைக்கிறது. காலாவதி என்பது, உரிய காலத்துக்குள் வழக்கிடாதவர் பின்னர் நீதிமன்றத்தின் துணையை நாட முடியாது என்னும் விதி.

சட்டம் இவ்வளவு தெளிவாகக் கடன்பட்டவரின் பக்கம் நின்றாலும், கடைக் கொப்பியின் சிறு பிணக்கில் மறுத்து நிற்பதைவிடக் கொடுத்துவிடுவதே பெரும்பாலும் நேரியது என்று கூறலாம். கடைக்காரர் அடுத்த வாடைக் காலத்திலும் அரிசி தரப்போகிறவர். அவரும் மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவர். இருவரும் ஒரே கோயிலிலோ பள்ளிவாசலிலோ, ஒரே மரண வீட்டிலோ சந்திக்க வேண்டியவர்கள். இதற்கெல்லாம் மேலாக, அங்கே கணக்கு கண்முன்னே இருக்கிறது. கொப்பியைத் திறந்து இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கலாம், எந்த நாளில் எந்தப் பொருள் என்று வாதாடலாம், இடையில் ஒரு தொகைக்கு இணங்கலாம். ஓராண்டு கடந்துவிட்டது என்ற காரணத்தை மட்டும் காட்டி, வாங்கி உண்ட அரிசிக்குக் காசு மறுப்பவரைச் சட்டம் காக்கும். ஊர் காக்காது, காக்க வேண்டியதும் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் பெரும்பான்மையாக வாழும் முஸ்லிம்களுக்கு இவ்விடயத்தில் சமய வழிகாட்டலே உண்டு: திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் முழுவதும் கடனை எழுதிக்கொள்வது பற்றியது, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. எழுதும்போது வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்று அவ்வசனம் வைத்திருக்கும் ஒழுங்கு ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. கணக்கு, கொடுத்தவரின் கையில் மட்டும் இருக்கும் இரகசியமாக மாறிவிடாமல் அது காக்கிறது.

நுண்நிதிக் கடனில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. யுத்தத்தில் கணவரை இழந்தும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து ஆண்டுகள் பல கழிந்து திரும்பியும் வாழ்வைத் தொடங்க முயன்ற பெண்களிடம் வங்கிகள் கேட்ட பிணை இருக்கவில்லை. நுண்நிதி நிறுவனம் பிணை கேட்கவில்லை, அயலிலுள்ள பெண்கள் சிலரைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்கச் சொன்னது. அது ஒரு வாசலைத் திறந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிட்ட படிவத்தில் கையொப்பமிட்டவரின் கையில் எஞ்சுவது தவணை அட்டை ஒன்றுதான்; அந்த அட்டையில் கட்டிய தொகை தெரியும், வட்டி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது தெரியாது.

இங்கே எண்களைச் சற்று நின்று பார்ப்பது அவசியமாகிறது. எடுத்துக்காட்டாக, ஒருவர் 50,000 ரூபாயை ஓராண்டுக்கு 20 சதவீத வட்டியில் பெற்று, 52 கிழமைகளில் மொத்தம் 60,000 ரூபாயாக, கிழமைக்கு ஏறத்தாழ 1,154 ரூபாய் வீதம் கட்ட இணங்குகிறார் எனக் கொள்வோம். தொடக்கத் தொகை முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் வட்டி போடும் இம்முறையில் காகிதத்தில் தெரியும் வீதம் 20. ஆனால் கிழமைதோறும் முதல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் கையிலிருக்கும் நிலுவைக்கு மட்டும் கணக்கிட்டால் வீதம் ஆண்டுக்கு 37 சதவீதத்தை ஒட்டி வருகிறது. இப்போது 26 கிழமைகள் தவறாமல் கட்டிய பின்னர் அவர் கடனை முற்றாகத் தீர்க்க விரும்புகிறார். முதல்தொகையில் பாதி தீர்ந்தது என்று பார்த்தால் அவர் தர வேண்டியது 25,000 ரூபாய். குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடும் கணக்கின்படி ஏறத்தாழ 27,300 ரூபாய். மீதித் தவணைகள் அனைத்தையும் கட்டினால்தான் கடன் தீரும் என்று நிறுவனம் சொன்னால் 30,000 ரூபாய். மூன்று விடைகளுக்கும் பின்னால் ஒவ்வொரு நியாயம் இருக்கிறது. எது பொருந்தும் என்பது அவர் கையொப்பமிட்ட படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். வேறுபாடு 5,000 ரூபாய். இந்த 5,000 ரூபாய்க்காக அந்தப் பெண் எதையும் கேட்கத் துணியமாட்டார் என்பதை அந்தத் தொழில் நன்றாக அறியும். ஆயிரம் பேரிடம் இதே 5,000 ரூபாய் மறுப்பின்றி வந்து சேர்ந்தால் அது 50 இலட்சம். கொடுப்பவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும்போதுதான் சிறுகடன் சிறியது.

இந்நிலையின் விளைவுகள் அரசின் காதுக்கும் எட்டின. 2018இல் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், திருகோணமலையும் அவற்றுள் ஒன்று, பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களுள் அவ்வாண்டு யூன் 30ஆம் திகதிக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ தவணை தவறியவற்றைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற மேலெல்லையும் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, பெண்கள்மீது கடன் அறவிடுவோர் செலுத்திய வன்முறையையும் துன்புறுத்தலையும் பதிவு செய்தார். 2021 மார்ச் 8ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். இவை தேவையான நடவடிக்கைகள். ஆயினும் தள்ளுபடித் திட்டத்தின் நிபந்தனையைக் கூர்ந்து படித்தால் ஒரு வேதனை தெரிகிறது: தவணை தவறியவருக்கே விலக்கு கிடைத்தது, தாலிக்கொடியை அடகு வைத்தும், இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்கியும், மானம் போகக்கூடாது என்று நாள் தவறாமல் கட்டியவரின் சுமை அப்படியே இருந்தது. கேள்வி கேட்காமல் கட்டிவிடும் ஒழுக்கத்தை நம்பியே அறவீட்டு முறைகள் இயங்குகின்றன. நிவாரணம் வரும்போதோ அந்த ஒழுக்கம் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

மறுப்பதற்கு இடம் எங்கே? 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகளே இதற்கென உள்ள அண்மையான வாசல். வழக்கறிஞர் தோன்றாத, பொதுவாகப் பாடசாலைக் கட்டடங்களில் வார இறுதியில் கூடும் இச்சபையில், ஒவ்வொரு தரப்பும் குழுவிலிருந்து ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். மூவரும் தீர்ப்பு வழங்குவதில்லை, இருதரப்பும் ஏற்கும் இணக்கத்தைத் தேட உதவுகிறார்கள். சட்டம் இயற்றப்பட்டபோது 25,000 ரூபாய்க்கு மேற்படாத பிணக்குகள் இச்சபைக்கு வராமல் நேரே நீதிமன்றம் போக முடியாது என்றிருந்தது. பிற்காலத் திருத்தங்கள் அந்த எல்லையைப் பல மடங்கு உயர்த்தின, 2016இல் அது ஐந்து இலட்சமாயிற்று. இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தீர்வு எட்டப்படவில்லை என்னும் சான்றிதழை வழங்கும். அதை வைத்தே வழக்கிடலாம். திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சிறுதொகைக்காகத் தவணைக்குத் தவணை வந்துபோவதோடு ஒப்பிடும்போது இது ஏழைகளுக்குக் கிடைத்த பெருங்கொடை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை துறை கடக்கப் படகுப்பாதைக்குக் காத்து நின்ற மக்களுக்கு, பக்கத்து ஊர்ப் பாடசாலையில் நீதி பேசப்படுவதன் மதிப்பு விளக்கத் தேவையற்றது.

ஆனாலும் சபைக்கு வரும் பிணக்குகளில் பெரும்பங்கு கடன் சார்ந்தது என்பதும், அவற்றில் பல வங்கிகளாலும் நிதி நிறுவனங்களாலும் கொண்டுவரப்படுபவை என்பதும் அதன் இயல்பை மாற்றக்கூடிய செய்தி. ஒருபுறம் கோப்புகளுடன் வாரந்தோறும் வந்து பழகிய நிறுவன அலுவலர். மறுபுறம் முதன்முறையாக அழைப்புக் கடிதம் கண்டு அதைப் பொலிசுக் கடிதமோ என்று அஞ்சி வந்த பெண். அங்கே பேச்சு, கடன் எவ்வளவு என்பதைத் தாண்டி, மாதம் எவ்வளவு கட்டுவாய் என்பதற்கு விரைவாகப் போய்விடுமானால், சபை தவணை பிரித்துக் கொடுக்கும் மேசையாகச் சுருங்கிவிடும். மத்தியஸ்தர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி கணக்கைப் பற்றியதாக இருக்க வேண்டும்: முதலாகக் கையில் கொடுத்தது எவ்வளவு, கழித்துக்கொண்ட கட்டணம் எவ்வளவு, வட்டி எம்முறையில் போடப்பட்டது, கட்டிய தொகையில் எது முதலுக்கும் எது தண்டப்பணத்துக்கும் சேர்க்கப்பட்டது. இக்கேள்விகளுக்கு இலங்கைச் சட்டத்திலேயே வேர் உண்டு. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் காசு கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம், கடனுக்குப் பிணையாக வாங்கும் புறோநோட்டு எனப்படும் கடனுறுதிச் சீட்டில் உண்மையில் கொடுத்த முதலும், முன்கூட்டிக் கழித்த வட்டியும், வட்டி வீதமும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்றது. தொகை எழுதாத வெற்று நோட்டில் கையொப்பம் வாங்குவதைக் குற்றமாக்கியது. கொடூரமான நிபந்தனைகளும் மிகையான வட்டியும் கொண்ட கொடுக்கல்வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்துச் சட்டத்திலிருந்து வந்து 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்றாலும் உறுதிசெய்யப்பட்ட இன்னொரு விதி, அறவிடக்கூடிய வட்டி முதலின் அளவைத் தாண்டக்கூடாது என்கிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்விதிகள் ஏட்டில் இருக்க, அவற்றால் காக்கப்பட வேண்டியவர்கள் அவற்றின் பெயரையும் கேள்விப்படாதிருப்பது இந்நாட்டுச் சட்டக் கல்வியின் பெருங்குறை.

மறுப்பவர் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. வீட்டு வாசலில் நிற்கும் அறவீட்டு அலுவலரை இப்போதைக்கு அனுப்பிவைத்தால் போதும் என்று ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துவிடுவது மிகவும் இயல்பானது. அயலவர் பார்க்கிறார்கள், பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஆனால் முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைச் செலுத்துவது கடனை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த காலாவதி மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படக் காரணமாகலாம். வாய்ச்சொல்லால் மட்டும் ஒப்புக்கொண்டதை ஏற்காத அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம், காசு கை மாறியதற்கு அந்த வலுவைத் தருகிறது. உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின் மற்றொரு கோட்பாடும் இங்கே பொருந்துகிறது: கொடுக்க வேண்டியதில்லாத தொகையைக் கொடுக்க வேண்டியது என்று தவறாக நம்பிக் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்கலாம், கொடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்தே கொடுத்தவர் அதை நன்கொடையாகக் கொடுத்தவராகிறார். எனவே கட்டியே ஆக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர், மறுப்போடுதான் கட்டுகிறேன், கணக்கு முடியும்வரை உரிமையை விடவில்லை என்று எழுத்தில் பதிவு செய்து கட்டுவது, மனநிறைவுக்கான சடங்கன்று. பின்னர் கேட்பதற்கான ஒரே பிடி அதுதான்.

நிதி நிறுவனங்களிடமுள்ள இன்னொரு நெருக்கும் கருவி, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகம். கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது என்று ஊரில் பேசுவது இதைத்தான். ஓட்டோவுக்கு லீசிங் எடுக்கவோ மகனை வெளிநாடு அனுப்ப வங்கிக் கடன் பெறவோ முயலும்போது, முன்பு எங்கோ தங்கிநிற்கும் சில ஆயிரம் ரூபாய் நிலுவை எல்லா வாசல்களையும் அடைத்துவிடும். அந்நிலையில் சிறுதொகையைக் கட்டிப் பெயரை மீட்பதே அறிவார்ந்த முடிவு என்று பலர் கருதுவதில் வியப்பில்லை. சில வேளை அது சரியான முடிவும்கூட. ஆனால் தமது பதிவைத் தாமே கோரிப் பெறவும், பிழை இருந்தால் சுட்டிக்காட்டித் திருத்தக் கோரவும் எவருக்கும் வழி உண்டு என்பதை அறிந்து முடிவெடுப்பதும், அறியாமல் முடிவெடுப்பதும் ஒன்றல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டில் நிறைவேறிய கடன் அறவீட்டு நடைமுறைச் சட்டம் இதில் இன்னும் ஒரு படி மேலே சென்றது: அறவீட்டு நிறுவனத்தின் அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன்பட்டவர் எழுத்தில் மறுத்தால், கடனை உறுதிப்படுத்தும் ஆவணத்தை அனுப்பும்வரை அறவீட்டை அந்நிறுவனம் நிறுத்தி வைக்க வேண்டும். ஒரே கடிதம் அறவீட்டை நிறுத்துகிறது. இலங்கை மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் நல்ல தொடக்கம். ஆனால் கணக்கு காட்டும்வரை கேட்காதே என்ற அந்த அமெரிக்கச் சட்டத்தின் எளிய விதி, பதிவுத் தபாலில் போகும் தமிழ்க் கடிதமொன்றுக்கு மூதூரிலும் கிடைக்கும் வலுவாக மாற வேண்டும்.

தமிழ் மரபில் பிணக்குக்குரிய ஆவணத்தின் மிகப் பெரிய வழக்கைச் சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரரின் திருமணப் பந்தலில் வந்து நின்ற முதியவர் அவரைத் தமக்கு அடிமை என்று கூறி, பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் சினந்து அதைப் பறித்துக் கிழிக்கிறார். பத்தியுணர்வோடு படிப்பவர்கள் இறைவனின் தடுத்தாட்கொள்ளலையே இதில் காண்பது முறையே. ஆயினும் வழக்கு நடந்த விதத்தையும் சேக்கிழார் நுணுக்கமாகச் சொல்கிறார்: வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது, கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உண்டு என்று முதியவர் அதை அவையில் வைக்கிறார், சாட்சிகளின் கையெழுத்து பார்க்கப்படுகிறது, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை கொண்டுவரப்பட்டு எழுத்து ஒப்பிடப்படுகிறது, அதன் பின்னரே அவை முடிவு சொல்கிறது. கேட்டவர் இறைவனேயாயினும் மூலத்தைக் காட்ட வேண்டும் என்பதில் அந்த அவையினர் விட்டுக்கொடுக்கவில்லை. சுந்தரரின் பிழை மறுத்ததில் இல்லை, கிழித்ததில் இருக்கிறது. கிழித்தவர் கேட்கும் தகுதியைத் தாமே குறைத்துக்கொள்கிறார். தவணை அட்டையை ஆத்திரத்தில் எறிந்துவிடுகிறவர்களுக்கும், அழைப்புக் கடிதத்தைத் திறக்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றினும் கடினமானது பிணை நின்றவரின் நிலை. உரோமன் ஒல்லாந்துச் சட்டம் பிணையாளிக்கு ஒரு காப்பைத் தந்திருந்தது: முதலில் கடன்பட்டவரின் சொத்தைத் தேடி அதிலிருந்து அறவிட முயல வேண்டும், அதன் பின்னரே பிணையாளியிடம் வரலாம். ஆனால் இன்று அச்சிட்டு வரும் பிணைப் பத்திரங்கள் பெரும்பாலும் இந்தக் காப்பைக் கைவிடுவதாக ஒரு வரியைக் கொண்டிருக்கின்றன. கையொப்பமிடுபவர் அந்த வரியைப் படிப்பதில்லை, படித்தாலும் அதன் பொருள் விளங்குவதில்லை. குழுக்கடனிலோ பிணை இன்னும் நெருக்கமானது. ஐந்து பெண்களில் ஒருத்தி கட்டாமல் ஊரைவிட்டுப் போய்விட, அவளுடைய பங்கை மற்ற நால்வரும் சேர்த்துக் கட்டும்வரை கூட்டம் கலையவிடாமல் அலுவலர் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். அப்போது அந்த நால்வரின் கோபம் கணக்குக் காட்டாத நிறுவனத்தின்மீது திரும்பாமல், போனவளின் தாயின்மீது திரும்புகிறது. கடனைத் திரும்பப் பெறும் செலவை நிறுவனம் இவ்வாறு அயலுறவின்மீது ஏற்றிவிடுகிறது. அச்செலவு எந்த வட்டிவீதத்திலும் எழுதப்படுவதில்லை.

இந்த நால்வரும் கட்ட வேண்டுமா? பிணையாகக் கையொப்பமிட்டது உண்மையென்றால் பொறுப்பு முற்றாக இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் போனவள் எடுத்த முதல் எவ்வளவு, அவள் கட்டியது எவ்வளவு, நிற்பதில் முதல் எது, தண்டம் எது என்ற விவரம் எழுத்தில் வரும் வரை ஒரு சதமும் கட்டாதிருப்பதும், தண்டத்தையும் தண்டத்துக்கு வட்டியையும் மறுப்பதும், முதலின் நிலுவையை மட்டும் நீண்ட தவணையில் கட்ட இணங்குவதும், இவையனைத்தையும் தனித்தனியாகச் செய்யாமல் நால்வரும் ஒன்றாக மாதர் சங்கத்தின் துணையோடு மத்தியஸ்த சபையின் முன் வைப்பதும் சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒருங்கே பொருந்தும். பெருங்கடன்களில் இதுவே உலக நடைமுறை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கடன் கொடுத்தோர் குழுக்களாகச் சேர்ந்தார்கள், ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டார்கள், கணக்குகள் மேசைக்கு வந்தன, சர்வதேச இறைமைப் பிணைமுறிகளின் மறுசீரமைப்பு 2024 டிசம்பரில் நிறைவேறும்வரை இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சு நடந்தது. அந்தக் காலம் முழுவதும் எந்த அமைச்சரின் வீட்டு முற்றத்திலும் எவரும் கடன் கேட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த இரண்டரை ஆண்டில் ஒரு கிழமையையாவது, ஒரு பக்கக் கணக்கோடு, மூதூரின் ஒரு குழுவுக்குக் கொடுப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அலுவலர் அடுத்த கிழமை வரும்போது அட்டையோடு அந்தப் பக்கத்தையும் தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் போதும்.